பங்கு விருப்புரிமைக் கடிதம் கைக்கு வந்தபின் செய்ய வேண்டியவை: சிங்கப்பூர் ஊழியருக்கான தொடக்க விளக்கம்

நியமனக் கடிதத்தில் சம்பளத்துக்குக் கீழே "10,000 பங்கு விருப்புரிமைகள்" என்று ஒரு வரி இருந்தால், பத்தாயிரம் பங்குகளே கிடைத்துவிட்டதாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் கிடைத்திருப்பது, இன்று குறிக்கப்பட்ட விலையில் பின்னொரு நாள் அந்தப் பங்குகளை வாங்கிக்கொள்ளலாம் என்ற உரிமை மட்டுமே. அதைப் பயன்படுத்தக் கையிலிருந்து பணம் போட வேண்டும். பயன்படுத்திய ஆண்டுக்கு வரியும் கட்ட வேண்டும். இந்த இரண்டாவது செலவை முன்கூட்டியே கணக்கிடாததுதான் நான் அடிக்கடி காணும் பிழை என்பதால், கீழே அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் படி: கடிதத்தைப் படித்தல்

வழங்கப்பட்ட நாள், உரிமைகளின் எண்ணிக்கை, வாங்கும் விலை, காலாவதி நாள் ஆகிய நான்கையும் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடிதத்தில் இருப்பது விருப்புரிமைதானா, அல்லது அலுவலகங்களில் ஆர்எஸ்யு என்று சொல்லப்படும் பங்கு வழங்கலா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆர்எஸ்யு என்றால் நீங்கள் பணம் கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பங்கு உங்களுடையதாகும் நாளின் மதிப்பு வருமானமாகக் கொள்ளப்படும். கீழே வரும் கணக்கு விருப்புரிமைக்கு உரியது.

இரண்டாம் படி: வெஸ்ட்டிங் அட்டவணை

உரிமைகள் ஒரே நாளில் முழுமையாக உங்கள் வசம் வருவதில்லை. கட்டங்கட்டமாக அவை பயன்படுத்தத் தக்கவையாவதே வெஸ்ட்டிங், அதாவது முதிர்வு. நான்காண்டு அட்டவணையும் அதில் ஓராண்டு காத்திருப்பும் பரவலாகக் காணப்படும் ஏற்பாடு. அதன்படி 10,000 உரிமைகளில் முதலாண்டு முடியும் நாளில் 2,500 முதிரும். எஞ்சிய 7,500, அடுத்த 36 மாதங்களில் மாதத்துக்கு ஏறத்தாழ 208 வீதம் முதிரும். பதினோராம் மாதத்தில் வேலையை விட்டால் ஒன்றும் கிடைக்காது. இந்த நாள்களைக் கைப்பேசி நாள்காட்டியில் குறித்துவைத்தாலே இந்தப் படி முடிந்தது.

மூன்றாம் படி: பணக் கணக்கு

சிங்கப்பூரில் விருப்புரிமையால் வரும் ஆதாயம் வேலை வருமானமாகக் கருதப்படுகிறது. பங்கை விற்கும் நாளில் அல்ல, உரிமையைப் பயன்படுத்தி வாங்கும் நாளில்தான் அந்த ஆதாயம் கணக்கிடப்படுகிறது. குறிப்பிட்ட காலம் விற்கக் கூடாது என்ற தடை இருந்தால் மட்டும், தடை நீங்கும் நாள் கணக்கில் கொள்ளப்படும். அன்றைய சந்தை விலையிலிருந்து நீங்கள் கொடுத்த விலையைக் கழித்தால் வருவதே வரிக்குரிய தொகை.

வாங்கும் விலை 2 வெள்ளி, சந்தை விலை 9 வெள்ளி, உரிமைகள் 10,000 என்று வைத்துக்கொள்வோம். வாங்குவதற்கு 20,000 வெள்ளி வேண்டும். ஆதாயம் 70,000 வெள்ளி. கழிவுகள் போக உங்கள் வரிக்குரிய வருமானம் ஏற்கெனவே 90,000 வெள்ளி என்றால், அது 160,000 ஆகிவிடும். கூடுதலான தொகையில் முதல் 30,000 வெள்ளிக்கு 11.5 விழுக்காடு, அடுத்த 40,000 வெள்ளிக்கு 15 விழுக்காடு. அதாவது 3,450 வெள்ளியும் 6,000 வெள்ளியும் சேர்ந்து 9,450 வெள்ளி கூடுதல் வரி. ஆகவே, ஒரு பங்கைக்கூட விற்காத நிலையில் உங்கள் கையிலிருந்து போக வேண்டிய மொத்தம் 29,450 வெள்ளி.

இனி, விலை ஏறும் என்று காத்திருக்கும்போது அது 2.50 வெள்ளிக்கு இறங்கிவிட்டால், கையில் இருக்கும் பங்குகளின் மதிப்பு 25,000 வெள்ளியே. 70,000 வெள்ளி ஆதாயத்துக்கு வரி கட்டியவர் 4,450 வெள்ளி நட்டத்தில் நிற்பார். சிங்கப்பூரில் மூலதன ஆதாய வரி இல்லாததால், வாங்கியபின் விலை ஏறி நீங்கள் பெறும் லாபத்துக்குப் பொதுவாக வரி இல்லை. அதே காரணத்தால், இறங்கிய விலையால் வந்த நட்டத்தைச் சம்பள வருமானத்திலிருந்து கழிக்கவும் முடியாது.

அதனால் தொடக்க நிலையில் இருப்பவருக்கு என் பரிந்துரை இது: பட்டியலிடப்பட்ட நிறுவனமாக இருந்தால், வாங்கும் நாளிலேயே வாங்கிய செலவுக்கும் வரிக்கும் போதுமான பங்குகளை விற்று, அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவையுங்கள். நிறுவனம் பங்கு விற்பனைக்குத் தடை விதித்துள்ள நாள்களை அதற்கு முன் கேட்டறியுங்கள். பட்டியலிடப்படாத நிறுவனத்தில் விற்பதற்குச் சந்தையே இல்லை, வரியோ உண்டு. அங்கே அவசரப்பட்டு வாங்குவதை நான் ஊக்குவிக்க மாட்டேன்.

நான்காம் படி: வரித் தாக்கல்

முந்தைய ஆண்டின் ஆதாயத்தை நிறுவனம் மார்ச் 1-க்குள் பங்கு ஆதாயத்துக்கான படிவமான பின்னிணைப்பு 8பி வழியாகத் தெரிவிக்க வேண்டும். நீங்கள் இணையத்தில் ஏப்ரல் 18-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். நிறுவனம் காட்டிய தொகையை உங்கள் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வரியை, வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழிக்கும் ஜைரோ மூலம் வட்டியின்றிப் 12 மாதத் தவணைகளாகக் கட்டலாம். தகுதியுள்ள திட்டங்களுக்கு 5 ஆண்டு வரை வரியை ஒத்திவைக்கும் ஏற்பாடும் உண்டு. ஆனால் அதற்கு வட்டி உண்டு என்பதால், கையில் பணம் இருப்பவருக்கு அது தேவைப்படாது. பெரிய ஆதாயம் வரும் ஆண்டில், டிசம்பர் 31-க்குள் எஸ்ஆர்எஸ் எனப்படும் ஓய்வுக்காலத் துணைச் சேமிப்புக் கணக்கில் பணம் போட்டால் வரிக்குரிய வருமானம் குறையும். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் ஆண்டு வரம்பு 15,300 வெள்ளி, வெளிநாட்டவருக்கு 35,700 வெள்ளி.

அமெரிக்க நிறுவனத்தின் பங்குகளாக இருந்தால் நீங்கள் அமெரிக்கர் அல்லர் என்று அறிவிக்கும் டபிள்யூ-8பென் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். ஈவுத்தொகையில் 30 விழுக்காடு அங்கேயே பிடிக்கப்படும். 60,000 அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட அமெரிக்கப் பங்குகளை வைத்திருக்கும் வெளிநாட்டவர் இறந்தால் அங்கே மரணச் சொத்துவரி எழக்கூடும் என்பதையும் குடும்பத்தாரிடம் சொல்லிவைப்பது நல்லது.

ஐந்தாம் படி: வேலையை விடுவதற்கு முன்

வேலையை விட்டபின் முதிர்ந்த உரிமைகளைப் பயன்படுத்தப் பல திட்டங்கள் 90 நாள் அவகாசமே தருகின்றன. அனுமதி அட்டையில் பணியாற்றும் நம்மவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். வெளிநாட்டவர் வேலையை விட்டாலோ, நிரந்தரவாசி நாட்டைவிட்டே வெளியேறினாலோ, கைவசம் இருக்கும் பயன்படுத்தாத உரிமைகளையும் அவர் பயன்படுத்திவிட்டதாகவே கருதி உள்நாட்டு வருவாய் ஆணையம் வரி கணக்கிடும். விலகும் நாளுக்கு ஒரு மாதம் முன்பிருந்த விலை, அல்லது உரிமை அதற்குப் பிறகு வழங்கப்பட்டிருந்தால் வழங்கிய நாளின் விலை, கணக்கில் எடுக்கப்படும். விலகியவர் உரிமைகளைப் பின்னர் பயன்படுத்துவதைத் தானே பின்தொடர்ந்து ஆணையத்துக்கு அறிவிப்பதற்கு நிறுவனம் முன்னதாக அனுமதி பெற்றிருந்தால் மட்டுமே இதற்கு விலக்கு.

என்னோடு பணியாற்றிய தம்பி ஒருவர் சென்னையில் வேலை கிடைத்து விலகியபோது, ஒரு பங்கும் வாங்காத தமக்கு எதற்கு இந்த வரி என்று கலங்கிப்போனார். விலகும் வெளிநாட்டவரைப் பற்றி நிறுவனம் வருவாய் ஆணையத்துக்கு அனுப்பும் ஐஆர்21 படிவ நடைமுறையின்படி கடைசிச் சம்பளமும் வரி தீரும்வரை நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. வீட்டு வாடகை, பயணச்சீட்டு, பிள்ளைகளின் பள்ளிச் செலவு என எல்லாம் ஒன்றாக வந்த மாதம் அது. ஆகவே, விலகல் கடிதம் கொடுக்கும் முன்பே மனிதவளப் பிரிவிடம் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: எத்தனை உரிமைகள் இந்தக் கணக்கில் சேரும்? பின்தொடரும் அனுமதி நிறுவனத்துக்கு உண்டா? பின்னாளில் கிடைத்த உண்மையான ஆதாயம் கருதப்பட்டதைவிடக் குறைவாக இருந்தால், மறுமதிப்பீடு கேட்டு நான்கு ஆண்டு வரம்புக்குள் விண்ணப்பிக்கலாம். அதற்கு வாங்கிய நாளின் விலைச் சான்றும் தரகர் அறிக்கையும் தேவைப்படும்.