ஃப்ரீ த்ரோல கோட்டை விடாதீங்க

பாஸ்கெட்பால்ல ஃபவுலுக்கு அப்புறம் யாரும் தடுக்காம கோட்டுக்குப் பின்னாடி நின்னு போடுற ஷாட் தான் ஃப்ரீ த்ரோ. ரெஃப்ரி பால கையில குடுத்ததும் அத போட ஃபிபா (சர்வதேச பாஸ்கெட்பால் அமைப்பு) ரூல்படி 5 செகண்ட் தான், என்பிஏல (அமெரிக்க லீக்) 10 செகண்ட். அதனால பால தரையில தட்டி மூச்சு விட்டு நிதானமா போடுறவங்க முதல்லயே டைம் பாத்து பழகிக்கோங்க, ஏன்னா ரெஃப்ரி மனசுக்குள்ள எண்ணிட்டே இருப்பாரு. பால் ரிங்க தொடுற வரைக்கும் கோட்டை மிதிக்கவும் கூடாது, போடுற மாதிரி ஏமாத்தவும் கூடாது. மிதிச்சா உள்ள போனாலும் பாயிண்ட் கிடையாது (கடுப்பா இருக்கும்!).

ரீபவுண்டுக்கு (மிஸ் ஆகி திரும்பி வர்ற பால பிடிக்க) நிக்கிறவங்க, ஷூட்டர் கையை விட்டு பால் போனப்புறம் தான் நகரணும். எதிர் டீம் ஆளு முந்திட்டு உள்ள வந்து ஷாட் மிஸ் ஆச்சுன்னா இன்னொரு சான்ஸ் கெடைக்கும், உள்ள விழுந்துட்டா ரெஃப்ரி அந்த தப்ப கண்டுக்க மாட்டாரு, பாயிண்ட் குடுத்துடுவாரு.