பழைய காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

பரணில் இருந்த பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் ஒரு செப்புக்காசு கிடைத்தது. களிம்பு ஏறி, ஓரம் நசுங்கி, நடுவில் ஒரு வெட்டு. குத்துவிளக்குத் தேய்ப்பதுபோல் புளி போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது, ஆனால் முந்தின நாள் மங்கலாகத் தெரிந்த இரண்டு எழுத்தும் போய்விட்டன. அது யார் காசு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எழுத்தின் மேடு தேய்ந்துபோன காசில், களிம்புக்கும் செம்புக்கும் உள்ள நிற வித்தியாசத்தில்தான் பல சமயம் எழுத்தே தெரியும். புளியோ எலுமிச்சையோ போட்டால் களிம்போடு அதுவும் கரைந்துவிடும். மண் ஒட்டியிருந்தால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்துப் பஞ்சால் ஒற்றி எடுங்கள், அது போதும். அப்புறம் அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சைக் காசுக்குப் பக்கவாட்டில் படுக்கவைத்தாற்போல் பிடித்துக் காசை மெல்லச் சுழற்றுங்கள். நேர் வெளிச்சத்தில் மொட்டையாக இருந்த இடத்தில் ஒரு கையோ கிரீடமோ நிழலாக எழும்பும்.

அடுத்த தவறு, வெட்டையும் குத்தையும் பார்த்தவுடன் சேதாரம் என்று ஒதுக்குவது. புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த ரோமானியத் தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமேல் உளிவெட்டு இருக்கிறது. நாணயமாகப் புழங்காமல் வெறும் தங்கமாகப் போகட்டும் என்று வேண்டுமென்றே வெட்டியதாகக் கருதுகிறார்கள். வெள்ளி ரூபாயில் உள்ள சின்னச் சின்ன முத்திரைக் குத்துகள், காசு மாற்றித் தரும் வியாபாரிகளான சராப்புகள் வெள்ளியைச் சோதித்த அடையாளமாக இருக்கலாம். விளிம்பில் பற்றவைத்த தடம் இருந்தால் அது யாரோ ஒருவர் கழுத்தில் காசுமாலையாகக் கிடந்திருக்கும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. கொஞ்சம் கோணலாக இருந்தாலே ‘எரர் காயின் (அச்சடிக்கும்போதே பிழையான காசு), லட்சக்கணக்கில் போகும்’ என்று நம்புவது. அச்சடித்த பிறகு அடிபட்ட காசில் உலோகம் ஒதுங்கிப் பள்ளத்தின் ஓரம் வரம்பாக நிற்கும், உருவமும் நசுங்கியிருக்கும். அச்சு விலகி விழுந்த காசிலோ இருக்கிற பாதி உருவம் தெளிவாக இருக்கும், மற்றப் பக்கம் பிறை போல் வெறுமையாக இருக்கும். சின்ன வயதில் மின்சார ரயில் தண்டவாளத்தில் வைத்து நசுக்கிய காசு ஞாபகம் இருந்தால் வித்தியாசம் சட்டென்று புரியும்.

எழுத்தை வைத்து அவசரப்படுவதும் தப்பு. ராஜராஜ சோழன் செப்புக்காசில் தமிழைத் தேடுவார்கள், ஆனால் அமர்ந்த உருவத்தின் பக்கத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’ என்று இருப்பது நாகரி எழுத்தில். மதராஸ் மாகாணத்துக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி 1803இல் இங்கிலாந்தில் அடித்த இருபது காசு நாணயத்தில் பாரசீக எழுத்து இருக்கும், அதைப் பார்த்துவிட்டு நவாப் காசு என்று சொல்லிவிடுகிறார்கள்.

ராமர், சீதை, அனுமன் உருவத்தோடு ‘1818 கிழக்கிந்தியக் கம்பெனி’ என்று போட்டு வருவதை வாங்கவே வாங்காதீர்கள், கம்பெனி அப்படிக் காசு அடித்ததே இல்லை. 1835க்குப் பிந்தைய கம்பெனி வெள்ளி ரூபாய் என்றால் தெரிந்த நகைக்கடையில் எடை போடச் சொல்லுங்கள்: 11.66 கிராம் இருக்க வேண்டும். தேய்மானத்தில் கொஞ்சம் குறையலாம், இரண்டு கிராம் குறைந்தால் சந்தேகப்படுங்கள்.

எடை, விட்டம், பக்கவாட்டு வெளிச்சத்தில் இரு பக்கமும் எடுத்த படம், இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்து நாணயக் கூடத்துக்குப் போய் ஒப்பிட்டுப் பாருங்கள். விற்பதைப் பற்றி அதற்கப்புறம் யோசிக்கலாம்.