கூலிக்குத் தைப்பித்த போர்வையில் பிழை இருந்தால் என்ன செய்வது

பழைய சேலைத் துண்டுகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்து, அடித்துணி கொடுத்துத் தைப்பித்த போர்வையைப் பையிலிட்டபடியே வீட்டுக்குக் கொண்டுவராமல், மிகுதிக் கூலியைக் கொடுப்பதற்கு முன்பே கடையில் வெளிச்சமான இடத்தில் விரித்துப் பார்க்க வேண்டும். பலர் மேற்புறத்தின் நிறப் பொருத்தத்தைப் பார்த்ததோடு திருப்தியடைந்துவிடுகிறார்கள். வேலையின் தரமோ அடிப்புறத்தில்தான் தெரியும். அங்கே உள்ளங்கையை மெதுவாக ஓட்டினால், மேல்நூல் போதிய இறுக்கமின்றி ஓடிய இடங்களில், குறிப்பாகக் கோடு வளைந்து திரும்பும் இடங்களில், சிறு நூல் வளையங்கள் விரலில் தட்டுப்படும். அடித்துணியை இழுத்துப் பிடிக்காமல் தைத்திருந்தால் அது மடிந்து தையலுக்குள் அகப்பட்டிருக்கும். தையற்கோடுகளுக்கு இடையே அகலம் கூடினால், உதிரி இலவம்பஞ்சு சில சலவைகளிலேயே ஒரு மூலையில் போய்த் திரளும்.

சேலை ஏற்கெனவே நைந்திருந்து கிழிந்தால் அதற்குத் தைத்தவர் பொறுப்பல்லர் என்பதையும் நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிழை கண்டால் போர்வையைக் கழுவவோ, தையலை நீங்களே பிரிக்கவோ கூடாது. பிறகு யார் கெடுத்தது என்ற வாதம் தொடங்கிவிடும். பிழையுள்ள இடத்தின் அருகே அடிமட்டத்தை வைத்துப் படமெடுத்து, பெற்றுக்கொண்ட திகதியைக் குறித்து, பற்றுச்சீட்டுடன் வைத்துக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டு இல்லையென்றால் அளவையும் கூலியையும் பேசிக்கொண்ட வட்ஸ்அப் செய்திகளாவது அழியாமல் இருக்கட்டும்.

எதைக் கேட்பது என்பதைத் துணியே தீர்மானிக்கிறது. நூல் சேலையில் தையலைப் பிரித்தால் ஊசித் துளைகள் தண்ணீர் பட்டதும் பெரும்பாலும் மூடிக்கொள்ளும் என்பதால், திரும்பத் தைத்துத் தரும்படி தயங்காமல் கேட்கலாம். பட்டில் துளை அப்படியே நின்றுவிடும். ஆகவே கூறைச் சேலைத் துண்டின் மேல் கோடு சற்றுக் கோணியிருந்தால், அதைப் பிரிக்கச் சொல்வதைவிடக் கூலியில் ஒரு பகுதியைக் குறைக்கக் கேட்பதே புத்தி என்பது என் எண்ணம். பட்டே வெட்டுப்பட்டிருந்தால் அது வேறு கதை. அங்கே துணிக்கும் இழப்பீடு கேட்க வேண்டும்.

வற்றாப்பளைப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்திய கிழமைகளில் தையற்கடையில் நிதானமாகப் பேச முடியாது. ஆட்கள் குறைந்த நேரத்தில் போய், “அக்கா, இந்தப் பக்கம் அடித்துணி மடிஞ்சு தைபட்டிருக்கு, இதை மட்டும் பிரிச்சுத் திரும்பத் தைச்சுத் தாங்கோ” என்று இடத்தைத் தொட்டுக் காட்டினால், அனேகமாக அங்கேயே முடிவு கிடைக்கும். “வேலை சரியில்லை” என்று பொதுவாகச் சொல்வது சண்டைக்கே வழி. ஒப்புக்கொண்ட திகதியை அவருடைய கையாலேயே பற்றுச்சீட்டின் பின்புறத்தில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். பேசி முடிப்பதற்கு முன் முகநூலில் படம் போடுவதை நான் விரும்புவதில்லை. ஒரே ஊரில் அந்தக் கெட்ட பெயர் பிறகு துடைபடாது.

பேச்சு பலிக்காவிட்டால், இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் துணைக்கு இருக்கிறது. வணிகமாக வழங்கப்படும் சேவை தக்க கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும் என்று அச்சட்டம் கொள்கிறது. முறைப்பாட்டை எழுத்தில், சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதால், “நாளைக்கு வாங்கோ” என்ற பதிலை நம்பிக் காலத்தைப் போக்கக் கூடாது. எங்கே கொடுப்பது என்பதை 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து அறியலாம். தைத்தவர் அயலவராகவோ உறவினராகவோ இருந்தால், சட்டத்தரணியின்றி இரு தரப்பையும் நேரில் பேசவைக்கும் மத்தியஸ்த சபையே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. அங்கே படங்களோடு நில்லாமல் போர்வையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.