ரயில் நிலையத்தைச் சுற்றி ஊர் அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையின் தெற்குப் புறநகர் ரயிலோடு சேர்ந்து வளர்ந்தது. கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் 1931-இல் ஓடத் தொடங்கியது. பல்லாவரமும் குரோம்பேட்டையும் இன்றைய அளவுக்குப் பெருத்ததில் அந்தத் தடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இருந்தும், ஸ்டேஷனைச் சுற்றி எந்த நிலத்தில் என்ன வரவேண்டும் என்று முன்கூட்டியே யோசித்துச் செய்த இடத்தை அங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும்.

முதல் தவறு வரைபடத்திலேயே நடந்துவிடுகிறது. பொதுப் போக்குவரத்தை ஒட்டிய வளர்ச்சிக்காக மத்திய அரசு 2017-இல் கொண்டுவந்த கொள்கை, ஸ்டேஷனிலிருந்து 500 முதல் 800 மீட்டர் வரை உள்ள பகுதியைத் தனியாகத் திட்டமிடச் சொல்கிறது. ஐந்து, பத்து நிமிட நடை என்பதால் அது நியாயமான அளவுதான். ஆனால் அதைக் காம்பஸை வைத்து வட்டமாகப் போட்டால் பயனில்லை. நடுவில் தண்டவாளம் இருக்கும், தாம்பரம் வழியாகத் தெற்கே போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலை இருக்கும். பெரும்பாலும் தூண்கள் மேல் ஓடும் பறக்கும் ரயில் தடத்தில் பல இடங்களில் பக்கிங்காம் கால்வாய் இருக்கிறது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் குடியிருப்பவருக்கு, பாலம் எங்கே இருக்கிறது என்பதுதான் தூரம்.

புறநகரில் இதைவிடப் பெரிய தடை லேஅவுட்டுகள். ஒரு புரமோட்டர் நிலத்தை வாங்கி, நடுவில் சாலை போட்டு, மனை பிரித்து, கடைசியில் காம்பவுண்டு சுவர் எழுப்பிவிடுவார். அடுத்த நிலத்துக்காரரும் அதையே செய்வார். இரண்டு சாலைகளும் ஒரே சுவரின் இரண்டு பக்கத்தில் வந்து முட்டி நிற்கும். மொட்டை மாடியில் நின்றால் பிளாட்பார விளக்கு தெரியும். நடந்து போகவோ மெயின் ரோட்டுக்கு வந்து, நடைபாதை இல்லாத ஓரத்தில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் ஒதுங்கி, பெரிய சுற்றுச் சுற்ற வேண்டும். நாலு நாள் அப்படி நடந்தவர் ஐந்தாம் நாள் ஸ்கூட்டரை எடுத்துவிடுவார். அப்புறம் அவர் ரயிலுக்கே வரமாட்டார், நேராக ஆபீஸுக்கே வண்டியில் போய்விடுவார். லேஅவுட்டுக்கு அனுமதி கொடுக்கும்போதே சாலையை எல்லை வரை கொண்டுவந்து பக்கத்துச் சாலையோடு சேர்க்கச் சொல்ல வேண்டும். குறைந்தது ஆறடி நடைவழியாவது விட வேண்டும். மனை விற்றுத் தீர்ந்தபின் சுவரைத் திறக்கச் சொன்னால் குடியிருப்போர் சங்கம் சம்மதிப்பது கஷ்டம்.

ஸ்டேஷன் வாசலை முழுக்க வண்டி நிறுத்துமிடத்துக்குக் கொடுப்பதும் தவறுதான். மூன்று கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு டூவீலர் ஸ்டாண்ட் தேவை, மறுக்கவில்லை. அது கொஞ்சம் பின்னால் இருக்கட்டும். வாசலில் மினி பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் நிற்க வேண்டும், காய்கறி, பூ விற்பவர்கள் இருக்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு ரயிலிலிருந்து இறங்கித் தனியாக வீட்டுக்கு நடக்கும் பெண்ணுக்கு அந்தக் கடை விளக்குகளும் ஆள் நடமாட்டமும்தான் பாதுகாப்பு. 'சீரமைப்பு' என்று சொல்லி அவர்களை அப்புறப்படுத்துகிற திட்டம் ஸ்டேஷனுக்கே கெடுதல். தெருவைப் பார்த்து நீண்ட மதில் சுவர் மட்டும் எழுப்புகிற அபார்ட்மெண்டும் அதே கெடுதலைச் செய்கிறது. கீழ்த்தளத்தில் கடைகள் வரட்டும். ஆனால் கடை வேண்டும் என்று ஸ்டேஷனையே மாடி மாடியாகக் கட்டிவிட்டால் போதாது. பறக்கும் ரயில் நிலையங்களின் பிரம்மாண்டக் கட்டடங்களில் பெரும்பகுதி வருஷக்கணக்கில் காலியாகக் கிடந்ததைப் பார்த்தோம். சுற்றியுள்ள தெருவிலிருந்து ஆள் நடந்து உள்ளே வந்தால்தானே வியாபாரம்.

அடுத்தது எஃப்.எஸ்.ஐ., அதாவது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு. ஸ்டேஷன் பக்கத்தில் அதைக் கூட்டுவது சரிதான். எல்லா ஸ்டேஷனுக்கும் ஒரே மாதிரி கூட்டுவது ஆபத்து. வேளச்சேரியும் பெருங்குடியும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியவை. அந்தச் சதுப்பு நிலம் 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியும் தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூரும் மூழ்கியதை மறந்துவிட்டு அங்கே மாடிகளைக் கூட்டினால், தண்ணீர் போக வழி ஏது? வடிகாலும் கழிவுநீர்க் குழாயும் எத்தனை பேரைத் தாங்கும் என்று பார்த்த பிறகே மாடிக் கணக்கைப் பேச வேண்டும்.

யாருக்கு வீடு என்ற கேள்வியைத் தள்ளிப்போடுவதைத்தான் நான் மிகப் பெரிய தவறாக நினைக்கிறேன். ரயிலை அதிகம் நம்பியிருப்பவர்கள் வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள். நகரத்திலிருந்து அகற்றிய குடும்பங்களைக் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குடியேற்றினோம். அங்கெல்லாம் ரயில் இல்லை. ஸ்டேஷன் வந்ததும் பக்கத்து நிலத்தின் விலை ஏறுகிறது, வாடகையும் ஏறுகிறது, அவர்கள் இன்னும் தள்ளிப் போகிறார்கள். ஸ்டேஷனை ஒட்டி அரசு நிலம் இருந்தால் அதை மாலுக்குக் கொடுக்கும் முன், குறைந்த வாடகை வீடுகளுக்கு ஒதுக்க வேண்டும்.

எது முதலில் வர வேண்டும் என்ற வரிசையும் முக்கியம். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. மூட்டை முடிச்சோடு இறங்கியவர்கள் ரயில் பிடிக்க வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போக வேண்டியிருந்தது. மாம்பலம் ஸ்டேஷனையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் சுமார் 570 மீட்டர் நடைமேம்பாலம் கூட, இரண்டும் வந்து எத்தனையோ காலம் கழித்து 2023-இல்தான் வந்தது.

எந்த நிலத்தில் என்ன வரலாம் என்று சொல்லும் சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) காலம் 2026-ஓடு முடிகிறது. அடுத்த திட்டத்தின் வரைவு மக்கள் கருத்துக்கு வரும்போது உங்கள் ஸ்டேஷன் இருக்கும் வரைபடத்தை எடுத்து, வீட்டிலிருந்து பிளாட்பாரம் வரை விரலால் நடந்து பாருங்கள். எங்கே சுவர் மறிக்கிறது, எங்கே பாலம் இல்லை, எந்த ஏரி வீட்டுமனை நிறத்தில் இருக்கிறது என்று சர்வே எண்ணோடு எழுதி அனுப்புங்கள். 'திட்டம் சரியில்லை' என்று பொதுவாக எழுதும் கடிதத்தை விட, சர்வே எண் போட்ட ஆட்சேபணைக்குப் பதில் சொல்லாமல் தட்டிக்கழிப்பது கடினம்.