மாட்டிறைச்சியில் கிருமி: அறுப்புக்கூடத்திலும் சமையலறையிலும் நடக்கும் தவறுகள்

சிங்கப்பூரில் விற்கும் மாட்டிறைச்சி ஆஸ்திரேலியா, பிரேசில், நியூசிலாந்து போன்ற நாடுகளிலிருந்து வருகிறது. சிங்கப்பூர் உணவு அமைப்பு அனுமதித்த அறுப்புக்கூடங்களிலிருந்து மட்டுமே இறக்குமதி செய்யலாம். "அதான் சோதித்து வருகிறதே" என்று நம்மில் பலர் இருந்துவிடுகிறோம். கட்டுப்பாடு கிருமியைக் குறைக்கும், அடியோடு ஒழிக்காது.

நோயில்லாத மாட்டின் சதைக்குள் பெரும்பாலும் கிருமி இருக்காது. அது இருப்பது தோலிலும் குடலிலும். ஈ.கோலி ஓ157 என்ற பாக்டீரியா மாட்டின் குடலில், மாட்டுக்கு ஒரு தொல்லையும் தராமல் வாழும். நமக்கு வந்தால் இரத்தப்போக்குள்ள வயிற்றுப்போக்கு. சின்னப் பிள்ளைகளுக்குச் சிறுநீரகம்கூடச் செயலிழக்கலாம்.

அறுப்புக்கூடத்தில் ஆபத்தான வேலை தோல் உரிப்பது. உரித்த தோலின் வெளிப்புறம் சுருண்டு சதையில் பட்டால், சாணத்தில் இருந்த கிருமி அங்கே ஒட்டிக்கொள்ளும். தோலைக் கீறிய கத்தியாலேயே சதையைத் தொடுவதும் அதே தவறுதான். அதனால் இரண்டு கத்திகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவார்கள். ஒன்று கையில் இருக்கும்போது மற்றது 82 டிகிரி வெந்நீரில் இருக்கும். குடலை எடுக்கும் முன் மலக்குடலின் நுனியைப் பையால் மூடிக் கட்டிவிடுவார்கள், உணவுக்குழாயையும் இறுக்கிவிடுவார்கள். அவசரத்தில் குடல் கிழிந்தால் அவ்வளவுதான். சாணம் பட்ட இடத்தை வெட்டி எறிய வேண்டும். தண்ணீரைப் பீய்ச்சினால் அழுக்கு கண்ணுக்கு மறையும், கிருமி பக்கத்துச் சதைக்கும் பரவும்.

வீட்டில் நாம் செய்வதும் இதைத்தான். தேக்கா சந்தையில் வாங்கி வந்த கறியைக் குழாயடியில் அலசுகிறோம். தெறிக்கும் நீரில் கிருமி தொட்டிக்கும், பக்கத்தில் இருக்கும் கொத்தமல்லிக்கும் போகிறது. மஞ்சள் தடவினாலும் தீராது. இரத்தம் பிடிக்கவில்லையென்றால் காகிதத் துண்டால் ஒற்றியெடுத்து, துண்டைக் குப்பையில் போட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கைமா விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். முழுத் துண்டில் கிருமி மேலே இருக்கும், சூடு பட்டதும் சாகும். அரைத்துவிட்டால் மேலே இருந்தது உள்ளே போய்விடும். போதாததற்கு, தொழிற்சாலையில் அரைத்த ஒரு பொட்டலத்தில் பல மாடுகளின் இறைச்சி கலந்திருக்கலாம். 1993இல் அமெரிக்காவில் சரியாக வேகாத பர்கரால் 700க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், 4 பிள்ளைகள் இறந்தார்கள். அடுத்த ஆண்டே, அதற்குக் காரணமான ஈ.கோலி ஓ157 உள்ள அரைத்த மாட்டிறைச்சியை விற்கக்கூடாது என்று அந்நாட்டு அரசு அறிவித்தது.

நிறத்தை வைத்து வெந்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். சில கைமா வேகும் முன்பே பழுப்பாகிவிடும். நடுவில் 71 டிகிரி வர வேண்டும். அதைப் பார்க்க வெப்பமானிதான் வழி. ரெண்டாங், குழம்பு மாதிரி மணிக்கணக்காகக் கொதிப்பவற்றில் இந்தக் கவலை இல்லை.

உறையவைத்தால் கிருமி செத்துவிடும் என்பதும் தப்பு. அது தூங்கும், அவ்வளவே. இந்த ஊர் வெக்கையில் காலையில் வெளியே எடுத்து வைத்துவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். முந்தைய இரவே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

அப்புறம், கபாப் பிசையும்போது உப்புப் பார்க்கப் பச்சைக் கைமாவை நாக்கில் வைக்கும் பழக்கம். ஒரு சிட்டிகையைத் தோசைக்கல்லில் சுட்டுப் பாருங்கள்; உப்பும் சரியாகத் தெரியும்.