சின்ன ஜெனரேட்டருக்கு வால்வு இடைவெளி சரிசெய்வது எப்படி?

தைப்பூசம் நெருங்கினால் பினாங்கு தண்ணீர்மலைப் பக்கம் தண்ணீர்ப் பந்தல்கள் எழும்பும். வருஷம் முழுக்க மூலையில் கிடந்த ஜெனரேட்டர்களும் வெளியே வரும். எண்ணெய் மாற்றுவார்கள், ஸ்பார்க் பிளக்கைத் துடைப்பார்கள், ஆனால் வால்வு மூடியைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், இன்வெர்ட்டர் இல்லாத சாதாரண ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடுகிறது. அதாவது ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 1,500 தடவை திறந்து மூடுகிறது. தேயாமல் எப்படி இருக்கும்?

வால்வுத் தண்டுக்கும் அதை அமுக்கும் ராக்கர் என்ற சிறு நெம்புகோலுக்கும் நடுவே உள்ள இடைவெளி குறைந்துபோனால் வால்வு முழுசாக மூடாது. அழுத்தம் கசியும், ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், கடைசியில் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வு கருகிவிடும். கூடிப்போனால் டிக் டிக் என்று சத்தம் வரும். கயிறும் கையை வெடுக்கென்று பின்னால் இழுக்கும், ஏனென்றால் ஸ்டார்ட் செய்யும்போது அழுத்தத்தைக் குறைக்க எக்ஸாஸ்ட் வால்வைச் சற்றே தூக்கும் அமைப்பு அப்போது சரியாக வேலை செய்வதில்லை.

இங்கே சொல்லும் அளவுகள் ஹோண்டா ஜிஎக்ஸ்160 எஞ்சின்கள் பலவற்றுக்கானவை: இன்டேக் (காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வால்வு) 0.15 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.20 மி.மீ. இரண்டிலும் 0.02 முன்பின் இருக்கலாம். எக்ஸாஸ்ட் அதிகம் சூடாகி நீள்வதால் அதற்குக் கூடுதல் இடம். வேறு எஞ்சின் என்றாலோ, ஜிஎக்ஸ்160-இலேயே புதிய வகை என்றாலோ அதன் கையேட்டைப் பாருங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதே என்று இந்த அளவையே வைத்துவிடாதீர்கள்.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். இரவு ஓடியதைக் காலையில் திறப்பது நல்லது. பிளக் வயரைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, பிளக்கையும் கழற்றுங்கள். மூடியின் கீழே துணி விரியுங்கள், கொஞ்சம் எண்ணெய் வடியும். நான்கு போல்ட்டையும் கழற்றி, அடியிலுள்ள கேஸ்கெட் (எண்ணெய் கசியாமல் அடைக்கும் தாள்) கிழியாமல் மூடியை எடுங்கள். கார்புரேட்டர் பக்கம் இருப்பது இன்டேக், சைலன்சர் பக்கம் இருப்பது எக்ஸாஸ்ட்.

இனிமேல்தான் முக்கியமான கட்டம். பிஸ்டன் உச்சியில் நிற்க வேண்டும், அதுவும் இரண்டு வால்வும் மூடியிருக்கும் அழுத்தும் சுற்றின் உச்சியில். கயிற்றை மெதுவாக இழுத்துக்கொண்டே இன்டேக் ராக்கரைக் கவனியுங்கள். அது வால்வை அமுக்கிவிட்டுத் திரும்பி வந்ததும் அடுத்து ஏறுவதுதான் அழுத்தும் சுற்று. பிளக் துளையில் ஒரு ஸ்ட்ராவை விட்டுப் பிடித்தால் பிஸ்டன் அதை மேலே தள்ளுவது விரலுக்குத் தெரியும். தள்ளுவது நின்ற இடம்தான் உச்சி. இரும்புக் கம்பி வேண்டாம், கீறல் விழும். இப்போது இரண்டு ராக்கரையும் ஆட்டிப் பாருங்கள், இலேசாக ஆட வேண்டும். இரண்டுமே இறுக்கமாக இருந்தால் தவறான உச்சியில் நிற்கிறீர்கள், இன்னொரு முழுச் சுற்று சுற்றுங்கள். எக்ஸாஸ்ட் மட்டும் இறுக்கமாகத் தெரிந்தால், முன்பு சொன்ன தூக்கும் அமைப்பு அதைப் பிடித்திருக்கலாம். உச்சியைச் சற்றே தாண்டவிட்டு மறுபடி பாருங்கள்.

அடுத்து ஃபீலர் கேஜ், அதாவது தடிமன் குறித்த மெல்லிய தகடுகளின் கட்டு. வால்வுத் தண்டுக்கும் ராக்கருக்கும் நடுவே 0.15 தகட்டை நுழையுங்கள். வெண்ணெயில் கத்தி போவதுபோல மெல்லிய பிடிப்போடு நகர வேண்டும். தடையே இல்லாமல் போனாலும், நுழையவே மறுத்தாலும் சரிசெய்ய வேண்டும். ஒரு ஸ்பேனரால் நடுவில் உள்ள பெரிய நட்டைப் பிடித்துக்கொண்டு மேலே உள்ள லாக் நட்டைத் தளர்த்துங்கள். பெரிய நட்டை வலப்பக்கம் திருப்பினால் இடைவெளி குறையும், இடப்பக்கம் திருப்பினால் கூடும். துளித்துளியாகத் திருப்புங்கள். பிடிப்பு சரியாக வந்ததும் பெரிய நட்டு அசையாமல் லாக் நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போதே அளவு மாறிவிடும், அதனால் மறுபடியும் தகட்டை விட்டுப் பார்ப்பதை ஒருபோதும் விடாதீர்கள். எக்ஸாஸ்டுக்கும் இதே வேலைதான், தகடு மட்டும் 0.20.

எஞ்சினை இரண்டு முழுச் சுற்று சுற்றி, அதே உச்சிக்குக் கொண்டுவந்து இரண்டையும் மீண்டும் அளந்துவிட்டு மூடியையும் பிளக்கையும் பூட்டுங்கள். திறந்த வெளியில் வைத்து ஓடவிடுங்கள். ஐந்தடி வழியிலோ கூடாரத்துக்குள்ளோ ஓட்ட வேண்டாம், புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. மூடி ஓரத்தில் எண்ணெய் கசிகிறதா என்று பாருங்கள்.

சில வாரங்களிலேயே எக்ஸாஸ்ட் இடைவெளி மறுபடி இறுகிப்போனால், வால்வு அதன் இருக்கைக்குள் அமிழ்ந்துகொண்டிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். அதற்குமேல் நட்டைத் திருப்பிப் பயனில்லை, ஹெட்டைக் கழற்றத் தெரிந்த பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.