விமானப் பயணச்சீட்டில் தோழமை வரி: ஓர் அரசு அதை எவ்வாறு வகுக்க வேண்டும்?

ஏழை நாடுகளின் நோயாளிகளுக்கு உதவ விமானப் பயணத்தின் மீது வரி விதிக்க எண்ணும் அரசு, முன்மாதிரியைத் தேடி அலைய வேண்டியதில்லை. பிரேசில் அதிபர் லூலாவுடன் இணைந்து இந்த யோசனையை முன்வைத்த பிரெஞ்சு அதிபர் சிராக், 2006 ஜூலை 1 முதல் தம் நாட்டில் அதை நடைமுறைப்படுத்தினார்.

எதன் மீது வரி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எரிபொருளைத் தொடுவது கடினம். விமானத்தின் தொட்டியில் வந்திறங்கும் எரிபொருளுக்கு சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை விலக்கு அளிக்கிறது, அதற்கு மேல் இருநாட்டு விமானச் சேவை ஒப்பந்தங்களும் தடையாக நிற்கின்றன. ஆகவே, உங்கள் விமான நிலையங்களிலிருந்து புறப்படும் ஒவ்வொரு பயணியின் மீதும், உள்நாட்டு நிறுவனம், வெளிநாட்டு நிறுவனம் என்ற பேதமின்றி வரியை விதியுங்கள். இடைவழியில் விமானம் மாறிச் செல்வோருக்குப் பிரான்சு செய்தது போல விலக்களியுங்கள். இல்லையெனில் அவர்கள் பக்கத்து நாட்டு விமான நிலையத்தின் வழியே போய்விடுவார்கள்.

அடுத்தது வரியின் அளவு. சீட்டின் விலையில் விழுக்காடாக வைக்காமல், நிலையான தொகையாக வைப்பதே என் பார்வையில் சிறந்தது, ஏனெனில் கட்டணம் நாளுக்கு நாள் மாறினாலும் வருவாயை முன்கூட்டியே கணிக்க முடியும். பிரான்சு தொடக்கத்தில் ஐரோப்பாவுக்குள் எகானமி வகுப்புக்கு 1 யூரோவும் பிசினஸ் வகுப்புக்கு 10 யூரோவும், தொலைதூரப் பயணங்களுக்கு முறையே 4 யூரோவும் 40 யூரோவும் வசூலித்தது. வகுப்புகளுக்கு இடையிலான இந்தப் பத்து மடங்கு வேறுபாட்டை எக்காரணத்தாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். வரியின் நியாயம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. வசூலிக்கும் பொறுப்பை விமான நிறுவனங்களிடமே விடலாம். சீட்டு விற்கும்போதே தொகையைப் பெற்று அரசிடம் செலுத்துவதால், தனி அலுவலகமோ ஊழியர் படையோ தேவைப்படாது.

பணம் எங்கே போகிறது என்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். பிரேசில், சிலி, பிரான்சு, நார்வே, பிரிட்டன் ஆகிய நாடுகள் 2006இல் தொடங்கிய, இத்தகைய வரிப்பணத்தைக் கொண்டு ஏழை நாடுகளுக்கு மருந்துகள் கிடைக்கச் செய்யும் யூனிட்எய்டு அமைப்பு, உலக சுகாதார நிறுவனத்தின் அரவணைப்பில் ஜெனீவாவில் இயங்குகிறது. எச்.ஐ.வி.யுடன் பிறக்கும் குழந்தைகள் பணக்கார நாடுகளில் மிகக் குறைவு என்பதால், அவர்களுக்கேற்ற மருந்தைத் தயாரிப்பதில் நிறுவனங்களுக்கு லாபம் இருக்கவில்லை. ஆண்டுதோறும் தவறாமல் வரும் வரிப்பணத்தைக் கையில் வைத்திருந்த யூனிட்எய்டு, கிளின்டன் அறக்கட்டளையுடன் சேர்ந்து பெருமளவில் வாங்க உறுதியளித்தது, இந்தியாவின் ஜெனரிக் மருந்து நிறுவனங்கள் குழந்தைகளுக்கான மாத்திரைகளைத் தயாரித்தன, விலையும் இறங்கியது. ஆண்டுக்கு ஆண்டு நன்கொடையாளரின் மனநிலையை எதிர்பார்த்திருக்கும் அமைப்பால் இத்தகைய வாக்குறுதியை எளிதில் தர இயலாது.

ஆகவே, வருவாய் எந்த நிதிக்குச் செல்ல வேண்டும் என்பதைச் சட்டத்திலேயே எழுதிவிடுங்கள், உச்சவரம்பு எதையும் சேர்க்காதீர்கள். பிரான்சில் உதவி நிதிக்குச் செல்லும் தொகைக்கு வரம்பு விதிக்கப்பட்டது. பிறகு 2025 மார்ச்சில், ஐரோப்பாவுக்குள்ளான எகானமி வகுப்பு வரி 7.40 யூரோவாக உயர்த்தப்பட்டபோது, அரசின் நோக்கம் தன் வரவுசெலவுப் பற்றாக்குறையைக் குறைப்பதாகவே இருந்தது. தோழமையின் பெயரால் பயணியிடம் வாங்கும் பணத்தை வேறு செலவுக்குத் திருப்புவது, பயணி, நோயாளி இருவருக்கும் ஒருசேர இழைக்கும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

தனியார் ஜெட் விமானங்களையும் வரைவில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். 2025 ஜூன் இறுதியில் செவில் நகரில் பிரான்சு, ஸ்பெயின், கென்யா, பார்படோஸ் உள்ளிட்ட நாடுகள் அமைத்த கூட்டணி, உயர்வகுப்புப் பயணிகளோடு இவற்றையும் குறிவைத்தே உருவானது. புதிதாக வரி விதிக்கும் நாடு அதில் இணைந்துகொண்டால், பயணிகள் அண்டை நாட்டுக்கு நழுவிவிடுவார்கள் என்ற விமான நிறுவனங்களின் வாதம் பெரிதும் வலுவிழக்கும்.